கோவில் பூவில் பத்தி: நாலாவது ஈட்டில்தான் கனல் நின்றது

முதல் ஈடு பற்றவே இல்லை. சரியாகச் சொன்னால் பற்றியது, ஒரு விரல்கடை எரிவதற்குள் அணைந்தது. அந்த அரை நிமிஷத்தில் வந்த வாசம், தெருப் பெருக்குகிறவர்கள் சருகைக் கூட்டிக் கொளுத்தும்போது வருமே, அதேதான். மல்லியும் ரோஜாவும் சம்பங்கியும் போட்டுச் செய்த பத்தியில் ஏன் குப்பை எரிகிற வாசம் வருகிறது என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. புரிய ஐந்து மாதமும், ஒரு மிக்ஸி ஜாரும், அம்மாவிடம் நிறையத் திட்டும் ஆயிற்று.

எங்கள் வீடு மதுரையில், தெருமுனைப் பிள்ளையார் கோவிலிலிருந்து மூன்றாவது. சின்னக் கோவில்தான், ஆனால் வெள்ளிக்கிழமையும் சங்கடஹர சதுர்த்தியும் வந்தால் மாலை சாத்த இடமிருக்காது. மறுநாள் காலை எல்லாவற்றையும் கழற்றி ஒரு சாக்கில் போட்டுக் கோவில் சுவரோரம் வைப்பார்கள். முன்பெல்லாம் கிணற்றிலோ வைகையிலோ போடுவார்களாம். இப்போது குப்பை வண்டிக்குப் போகிறது, வண்டி வருவதற்குள் மாடு வந்தால் நைலான் நூலோடு சேர்த்து மாட்டின் வயிற்றுக்குப் போகிறது. போன விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் இரண்டு சாக்கு நிறைந்து மூன்றாவது வழிந்துகொண்டிருந்தது. கான்பூரில் அங்கித் அகர்வால் என்பவர் தொடங்கிய பூல் என்ற நிறுவனம், கங்கைக்குப் போகிற கோவில் பூவை வாங்கிப் பத்தி செய்கிறது என்று எப்போதோ படித்தது ஞாபகம் வந்தது. சரி, நாமும் ஒரு சாக்கில் செய்து பார்ப்போமே என்று குருக்களிடம் கேட்டேன்.

"சாமி, இந்தப் பூவை நான் எடுத்துக்கட்டுமா? பத்தி செஞ்சு பாக்கலாம்னு."

கொஞ்ச நேரம் சாக்கையே பார்த்தார். "கால்ல மிதிபடாம எங்க போனாலும் சரிதான் தம்பி. ஆனா செஞ்சதை இங்க கொண்டுவந்து ஏத்தாதீங்க. சாத்தின பூவை மறுபடியும் சாமிக்குக் காட்டற வழக்கம் இல்லை."

நியாயம்தான். நிர்மால்யம் என்று ஆகிவிட்டால் அதற்குத் தனிக் கணக்கு. சிவன் கோவிலில் அது சண்டிகேசுவரருக்குச் சேர்ந்தது என்பார்கள். அம்மாவோ வீட்டில் வேறு சட்டம் போட்டாள்: "நெருப்புல போனா எல்லாம் சுத்தம்தாண்டா." ஆனாலும் இன்றுவரை நான் செய்த பத்தி பூஜையறைக்குள் போகவில்லை, கூடத்து ஜன்னலோரம்தான் அதன் இடம்.

பத்தி செய்வது என்றால் அரைப்பது, பிசைவது, உருட்டுவது என்றுதான் நினைத்திருந்தேன். வேலையில் பாதிக்கு மேல் பூவைப் பிரிப்பதிலேயே போயிற்று. ஒரு சாக்கை மொட்டைமாடியில் தார்ப்பாயில் கொட்டி எடை போட்டால் 7 கிலோ. அதில் வாழைநார் மட்டும் இருந்திருந்தால் பிரச்சினையே இல்லை, அதுவும் சேர்ந்து எரியும். ஆனால் இப்போது பாதி மாலை நைலான் நூலில்தான் கட்டுகிறார்கள். அதுபோக ஜிகினா, சரிகைக் குஞ்சம், குண்டூசி, தெர்மாகோல் உருண்டை, எப்படி வந்ததென்றே தெரியாத ஒரு ஷாம்பு பாக்கெட். அம்மாவும் நானும் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து உருவினோம். நைலான் ஒரு முழம் உள்ளே போனாலும் எரியும்போது அந்த நாற்றம் தனியாகத் தெரியும், உடம்புக்கும் ஆகாது. அதனால் இதில் மட்டும் சோம்பல் கூடாது. நீலமும் பச்சையுமாகச் சாயம் முக்கிய பூக்களும் வெள்ளி ஸ்ப்ரே அடித்த இலைகளும் வரும். சந்தேகமாக இருந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு வைக்கலாம், சாயம் தண்ணீரில் இறங்கினால் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான்.

அப்புறம் அரளி. இதை எனக்குச் சொன்னது கோவில் வாசலில் பூக்கட்டும் அக்கா. நான் சாக்கைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கேட்டார், கையில் சரம் ஓடிக்கொண்டே இருந்தது, தலை மட்டும் நிமிர்ந்தது.

"அரளிய எடுத்துப் போட்டுட்டீங்களா?"

"இல்லக்கா. அதுவும் பூதானே."

"ஆடுகூட வாய வைக்காது தம்பி அதுல. அதப் போயி பொகைய விட்டு மூக்குல இழுக்கப் போறீங்களா?"

அவர் சொன்னது முழுக்கச் சரி. அரளியில் வேரிலிருந்து பூ வரைக்கும் இதயத் துடிப்பைக் குலைக்கிற நஞ்சு உண்டு, எரித்தால் புகையும் ஆகாது. நம் கோவில் மாலைகளில் செவ்வரளி இல்லாத மாலை குறைவு என்பதால் இது சின்ன விஷயமில்லை. இணையத்தில் கிடைக்கிற செய்முறை வீடியோக்கள் பெரும்பாலும் ரோஜாவையும் சாமந்தியையும் வைத்துச் செய்தவை, அவற்றில் அரளியைப் பற்றி யாரும் பேசி நான் பார்க்கவில்லை. அதேபோல எருக்கம்பூ, பிள்ளையாருக்கு அது நிறைய வரும், பாலும் நஞ்சு. சிவன் கோவில் பூ என்றால் ஊமத்தை. இவை மூன்றும் என் வீட்டில் வாசலிலேயே நிறுத்தப்படும். நந்தியாவட்டையையும் பால் வருகிற செடி என்பதால் நான் சேர்ப்பதில்லை, கூடுதல் பயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிரிப்பதைப் பூ பச்சையாக இருக்கும்போதே செய்துவிட வேண்டும். காய்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் முடிந்தது கதை. காய்ந்த செவ்வரளியையும் காய்ந்த பன்னீர் ரோஜா இதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, அக்காவுக்கே இரண்டாவது தடவை பார்க்க வேண்டியிருந்தது. கைக்கு உறை போட்டுக்கொள்வது நல்லது, எருக்கம்பால் பட்ட கையால் கண்ணைத் தேய்த்தால் அப்புறம் ஆஸ்பத்திரிதான்.

7 கிலோவில் தேறியது நாலரை. பெரும்பாலும் கேந்தி, செவ்வந்தி, கொஞ்சம் ரோஜா, சம்பங்கி, மல்லி, நிறைய அறுகம்புல், நடுநடுவே மரிக்கொழுந்தும் துளசியும். கேந்தியை முழுசாகக் காயப்போடாதீர்கள். அடியில் இருக்கிற பச்சைக் கிண்ணம் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு நாலு நாள் கழித்தும் உள்ளே சொதசொதவென்று இருக்கும். இதழை மட்டும் கிள்ளி எடுத்துவிட்டு அதை உரக்குழிக்குப் போட்டுவிடலாம். பழைய வேட்டியை விரித்து, மேலே கொசுவலையைப் போட்டு, நாலு ஓரமும் செங்கல் வைத்தேன். ஆவணிக் காற்றில் முதல் நாள் பாதி இதழ் பக்கத்து வீட்டு மாடியில்தான் காய்ந்தது. நாலு வெயில் ஆனதும் எடுத்துக் கையில் கசக்கினால் அப்பளம் மாதிரி நொறுங்க வேண்டும், வளைந்துகொடுத்தால் இன்னும் ஒரு நாள். எடை போட்டேன்: 600 கிராம் சொச்சம். நாலரைக் கிலோ பூவில் மீதி எல்லாம் தண்ணீர்.

அரைப்பதில்தான் வீட்டில் சண்டை. காய்ந்த இதழ்தானே என்று மிக்ஸியில் போட்டேன். அறுகம்புல்லும் நாரும் பிளேடில் சுற்றிக்கொண்டு மோட்டார் முனகியது. அது போகட்டும், அதே ஜாரில் சாம்பிராணிக் கட்டியையும் போட்டது என் தப்பு. ஓடுகிற சூட்டில் பிசின் இளகி ஜாரின் அடியில் அரக்கு மாதிரி ஒட்டிக்கொண்டது. மறுநாள் தேங்காய்ச் சட்னி கோவில் கர்ப்பக்கிரகம் மாதிரி மணத்தது. அந்த ஜார் இப்போது எனக்கே சொந்தம், அம்மாவுக்குப் புது ஜார் வாங்கிக் கொடுத்தாயிற்று.

மாவு மில்லுக்குக் கொண்டுபோனேன். மில்காரர் பையைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "இத அரைச்சா அடுத்து வர்றவங்க கோதுமைக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார். பிறகு அவரே வழியும் சொன்னார்: சீயக்காய் அரைக்கிற மிஷின் தனியாக இருக்கிற மில்லுக்குப் போ. அடுத்த தெருவில் இருந்தது. சீயக்காய் மிஷினில் ஒரே ஓட்டம், 600 கிராமும் பத்து நிமிஷத்தில் தூள். கொஞ்சம் சீயக்காய் வாசம் ஏறும், எரிக்கும்போது அது தெரிவதில்லை. வீட்டுக்கு வந்ததும் வெள்ளைத் துணியில் வஸ்திரகாயம் செய்துகொண்டேன். சித்த மருந்துக்காரர்கள் சூரணத்தைத் துணியில் சலிப்பார்களே, அதே முறை. சல்லடை போதாது, நார் நுழைந்துவிடும். சலித்து நின்றது 420 கிராம், கப்பி எல்லாம் செடிகளுக்கு.

இத்தனை விவரமும் நாலு ஈட்டுக்கு அப்புறம் வந்த ஞானம். முதல் ஈட்டில் மிக்ஸியில் பாதி அரைந்த கொரகொரப்பான தூளைத்தான் எடுத்தேன், பிசுபிசுப்புக்கு மைதாவைப் பசையாகக் காய்ச்சி ஊற்றினேன், பன்னீர் தெளித்தேன், உச்சி வெயிலில் ஒரே நாள் காயவைத்தேன். அத்தனையும் தவறு. தூள் கொரகொரப்பாக இருந்தால் ஒரு துணுக்கிலிருந்து அடுத்த துணுக்குக்குக் கனல் தாவ முடியாது. உச்சி வெயிலில் மேல்தோல் மட்டும் காய்ந்து வெடிக்கும், உள்ளே ஈரம் நிற்கும், கனல் அந்த ஈரத்தைத் தொட்டதும் செத்துப்போகும். மைதாவோ கருகிய ரொட்டி வாசம் அடிக்கிறது.

பிசுபிசுப்புக்குப் பத்தித் தொழிலில் போடுவது ஜிகட். ஒரு மரத்தின் பட்டைத் தூள். வடக்கே மைதா லகடி என்பார்கள், பேரில்தான் மைதா, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தமிழில் முசைப்பேயெட்டி என்று பெயர். தூளாகப் பார்த்தால் மரத்தூள்தான், தண்ணீர் பட்டதும் வெண்டைக்காய் நறுக்கிய கை மாதிரி வழவழவென்று ஆகிவிடும். ஒட்டவும் செய்யும், தானும் எரியும், தனக்கென்று பெரிய வாசனை கிடையாது, அதனால்தான் அதற்கு இவ்வளவு மரியாதை. கீழமாசி வீதிப் பக்கம் மூன்று நாட்டு மருந்துக் கடையில் கேட்டேன், இரண்டு கடையில் பேரே தெரியவில்லை, மூன்றாவது கடைக்காரர் பத்தி போடுகிறவர்களுக்குச் சரக்கு கொடுக்கிற ஒருவரின் போன் நம்பர் கொடுத்தார். கால் கிலோ வாங்கினேன். மரத்தைச் சுற்றி முழுசாக உரித்தால் மரம் பட்டுப்போகும் என்பதால் தேவைக்கு மேல் வாங்கிக் குவிக்க மனம் வரவில்லை. எனக்கு அந்தக் கால் கிலோவே இன்னும் தீரவில்லை.

இரண்டாவது ஈட்டில் ஜிகட் சரியாக விழுந்தது, ஆசைதான் கெடுத்தது. முதல் ஈட்டில் வாசனை இல்லையே என்று 100 கிராம் பூத்தூளுக்கு 40 கிராம் சாம்பிராணி போட்டேன். பற்றவைத்ததும் நன்றாகத்தான் ஆரம்பித்தது, வீடு முழுக்க மணம், அம்மாகூட எட்டிப் பார்த்தாள். இரண்டு நிமிஷத்தில் பிசின் உருகிக் கறுப்பாகக் கசிந்து, தணலைச் சுற்றி மெழுகு மாதிரி மூடி, அணைத்துவிட்டது. சாம்பிராணி தானாக எரிகிற பொருள் அல்ல, தணலின் மேல் உட்கார்ந்து புகைகிற பொருள். தூபக்காலில் கரியைப் போட்டு அதன் மேல் தூவுகிறோமே, தினம் பார்க்கிற விஷயம்தான், ஆனாலும் எனக்கு உறைக்கவில்லை. பிசினுக்கு ஒரு பங்கு என்றால் தணலுக்கு ஆறேழு பங்காவது வேண்டும். நெய்யும் அப்படியே, ஒரு கரண்டி ஊற்றினால் கதை முடிந்தது.

இங்கே ஒரு குறுக்குப் பேச்சு. கடையில் சாம்பிராணி என்று கேட்டால் கொடுப்பதெல்லாம் ஒன்றில்லை. உண்மையான சாம்பிராணி சுமத்ரா, லாவோஸ் பக்கத்து மரத்துப் பிசின். குங்கிலியம் வேறு, அது நம் நாட்டு மரங்களிலேயே கிடைக்கிறது. திருக்கடவூரில் தாலியை விற்று வரச் சொன்னால் அரிசிக்குப் பதில் குங்கிலியம் வாங்கிப் போட்ட குங்கிலியக் கலய நாயனாரின் சரக்கு அதுதான். எனக்குக் கடைசியில் கைகொடுத்தது சாம்பிராணியும் குங்கிலியமும் பாதிப்பாதி. பிசினைத் தூளாக்க மிக்ஸி வேண்டாம். ஒரு மணி நேரம் பிரீசரில் வைத்து, எடுத்த சூட்டோடு என்று சொல்ல முடியாது, எடுத்த குளிரோடு இடிகல்லில் போட்டு, ஒரு பிடி பூத்தூளையும் சேர்த்து இடித்தால் ஒட்டாமல் மாவாகிவிடும்.

மூன்றாவது ஈடு ஐப்பசியில். சொல்ல ஒன்றுமில்லை. மழை, வீட்டுக்குள் மின்விசிறிக்கடியில் காயவைத்தேன், நாலாவது நாள் ஒவ்வொரு கூம்பிலும் வெள்ளையாகப் பூஞ்சை. துடைத்துவிட்டு எரிக்கலாமா என்று ஒரு நப்பாசை வந்தது, பூஞ்சைப் புகையை யாராவது மூச்சில் இழுப்பார்களா என்று அப்படியே உரக்குழியில் போட்டேன். அதோடு தை பிறக்கும்வரை கடையைச் சாத்தினேன்.

இந்த இடைவெளியில்தான் வாசனை விவகாரம் தெளிந்தது. பூக்கட்டும் அக்காவிடம் இரண்டாவது ஈட்டில் மிஞ்சியதைக் காட்டினேன். வாங்கி மோந்தார்.

"சாம்பிராணி வாசம் வருது. மல்லி எங்க?"

"போட்டேனேக்கா, கால் பங்கு மல்லிதான்."

"அது சக்கை தம்பி. மல்லி சாயங்காலம் வாய தொறக்கும்போது விடுறதுதான் வாசம். விடிஞ்சா ஒண்ணும் கிடையாது. மறுநாள் சாமி கழுத்துலேருந்து கழட்டுனதுல என்னத்தத் தேடுறீங்க?"

ஒரு வரியில் முடித்துவிட்டார். மல்லியும் சம்பங்கியும் பறித்த பிறகும் விரிய விரிய மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிற பூக்கள், அந்த மணம் காற்றோடு போகிற எண்ணெய், சேர்த்துவைப்பதில்லை. அதனால்தான் வாசனைத் திரவியத் தொழிலுக்கு வாங்குகிறவர்கள் அன்றன்றைக்கு மொட்டாக வாங்கி, கரைப்பானில் ஊறவைத்து, மெழுகு மாதிரி சாரத்தை எடுக்கிறார்கள். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் ஊர் மல்லியேயானாலும் வெயிலில் காய்ந்துவிட்டால் ஒரு பழுப்புச் சருகு. நம் பத்தியில் பூவின் வேலை மணப்பது அல்ல, எரிவது. விறகு அது. இதை ஏற்றுக்கொண்டதும் பாதி ஏமாற்றம் போய்விட்டது. மணம் வேண்டுமென்றால் காய்ந்தாலும் மணத்தை விடாத சரக்குகளிடம் போக வேண்டும்: வெட்டிவேர், பூலாங்கிழங்கு, சந்தனம், பிசின்கள். மாலையிலேயே வருகிற மரிக்கொழுந்தும் துளசியும் காய்ந்தபின்னும் கொஞ்சம் வாசனையை வைத்திருக்கும், அவற்றைப் பூவோடு கலக்காமல் தனியாகக் காயவைத்துக்கொள்வது இப்போது என் வழக்கம்.

அப்படியானால் கடையில் வாங்குகிற மல்லிப் பத்தி மட்டும் எப்படி மணக்கிறது? கரித்தூளும் மரத்தூளும் ஜிகட்டும் பிசைந்து உருட்டிய, வாசனையே இல்லாத கறுப்புப் பத்தியை முதலில் செய்துவிடுவார்கள். அப்புறம் டை எத்தில் தாலேட் மாதிரி ஒரு திரவத்தில் கலந்த வாசனைத் திரவியத்தில் முக்கி எடுப்பார்கள். நானும் குறுக்குவழியாக ஒரு பாட்டில் மல்லி எசென்ஸ் வாங்கி நாலு கூம்பில் சொட்டினேன். எரிக்காமல் மோந்தால் கல்யாண வீடு, எரித்தால் தரை துடைக்கிற திரவத்தைச் சட்டியில் காய்ச்சின மாதிரி. பாட்டில் அப்படியே இருக்கிறது, யாருக்காவது வேண்டுமென்றால் கொடுத்துவிடுகிறேன்.

தை மாதம், மழை ஓய்ந்த பிறகு, நாலாவது ஈடு. அளவை முழுசாகத் தருகிறேன், இதுதான் இன்றுவரை மாற்றாமல் வைத்திருப்பது. சலித்த பூத்தூள் 100 கிராம். வரட்டியை இடித்துச் சலித்த தூள் 40. ஜிகட் 25. சாம்பிராணியும் குங்கிலியமும் சேர்த்து 15. வெட்டிவேர்த் தூள் 10, காய்ந்த மரிக்கொழுந்து 10, பூலாங்கிழங்கு 5. வெட்டிவேரைக் கத்தரியால் அரை அங்குலமாக நறுக்கிவிட்டு அரைக்க வேண்டும், முழுசாகப் போட்டால் மிக்ஸிக்குள் குருவிக்கூடு கட்டிவிடும். எல்லாவற்றையும் உலர்ந்தபடியே இரண்டு தடவை சலித்துக் கலந்துவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசைந்தேன். எனக்கு முக்கால் டம்ளர் பிடித்தது, உங்கள் தூளுக்குக் கூடலாம் குறையலாம். பதம் எது என்றால், பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், கையில் ஒட்டக் கூடாது, அழுத்தினால் ஓரம் வெடிக்கக் கூடாது. வெடித்தால் தண்ணீர் போதவில்லை. பிசைந்ததை ஈரத்துணி போட்டு ஒரு மணி நேரம் மூடி வைக்க வேண்டும், ஜிகட் அதற்குள் ஊறி இறுகும். முதலில் பிசைந்த கையோடு அழுத்திப் பார்த்தேன், உதிர்ந்தது. ஒரு மணி நேரம் கழித்து அதே மாவு வேறு மாவாக இருந்தது.

அச்சுக்கு வெளியே அலைய வேண்டாம். தசாங்கம் என்கிற தூபப் பொடி டப்பா வாங்கினால் உள்ளே ஒரு குட்டிக் கூம்பு அச்சு இருக்கும், பழைய ஆட்களுக்குத் தெரியும். அதன் உள்பக்கம் லேசாக வரட்டித் தூளைத் தடவிக்கொண்டு, மாவை நெருக்கி அடைத்து, தட்டில் கவிழ்த்துத் தட்டினால் கம்ப்யூட்டர் சாம்பிராணி மாதிரி நிற்கிறது. அந்தப் பேரை யார் வைத்தார்களோ, புகைக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன உறவோ, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ரொம்ப நெருக்கி அடைத்தால் காற்று புகாமல் அணையும், தளர்வாக விட்டால் நுனி உடையும், நாலைந்து கூம்பு வீணானால் கை கற்றுக்கொள்ளும். 67 வந்தது. மூன்று நாள் நிழலில், தினம் ஒரு தடவை படுக்கவைத்து அடிப்பக்கம் காற்றுப்பட, அப்புறம் அரை நாள் இளவெயில்.

குச்சியிலும் உருட்டிப் பார்த்தேன். மூங்கில் குச்சிக் கட்டு ஒன்று வாங்கி, மணையில் மாவை வைத்து உள்ளங்கையால் உருட்டினால், என் பன்னிரண்டு பத்தியும் ஒரு பக்கம் பெருத்து ஒரு பக்கம் இளைத்து, விசேஷத்துக்குச் சுட்ட கைமுறுக்கு மாதிரி இருந்தன. எரிகிற வேகமும் அதேபோல, பெருத்த இடத்தில் தூங்கி இளைத்த இடத்தில் ஓடியது. ஆயிரம் குச்சிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து உருட்டுகிற பெண்கள், பேச்சு ஒரு பக்கம் நடக்க, கண்ணால் பார்க்காமலே ஒரே கனத்தில் இழுத்துவிடுவார்கள். எனக்கு அதற்குக் கையும் இல்லை பொறுமையும் இல்லை. குச்சியிலும் ஒரு கதை உண்டு: நாம் ஏற்றுகிற பத்தியின் மூங்கில் குச்சி ரொம்ப காலம் வியட்நாமிலிருந்தும் சீனாவிலிருந்தும்தான் கப்பலில் வந்துகொண்டிருந்தது, 2020-ல் அதற்கு இறக்குமதி வரியை 10 சதவீதத்திலிருந்து 25 ஆக ஏற்றினார்கள். நான் கூம்போடு நின்றுவிட்டேன்.

சரி, பற்றவைத்த நாள். நுனியில் தீ பிடிக்கப் பதினைந்து விநாடி காட்ட வேண்டியிருந்தது, கடைப் பத்தி மாதிரி தொட்டதும் பற்றாது. சுடரை ஊதி அணைத்ததும் நுனியில் ஒரு சிவப்புப் புள்ளி. போனில் நேரத்தை ஓடவிட்டு எதிரே உட்கார்ந்துவிட்டேன். இந்த முறையும் அணையும் என்று தயாராகத்தான் இருந்தேன். ஐந்து நிமிஷத்தில் புள்ளி வளையமாகிக் கீழே இறங்க ஆரம்பித்தது, மேலே சாம்பல் உதிராமல் கூம்பு வடிவத்திலேயே வெள்ளையாக நின்றது, சுண்டுவிரல் நகத்தால் தொட்டதும்தான் பொடிந்தது. 26 நிமிஷம். முதலில் வெட்டிவேரின் மண்வாசம், நடுவில் பிசின், கடைசி இரண்டு நிமிஷம் மட்டும் லேசாகச் சருகு. அந்தச் சருகு வாசம் முழுசாகப் போகவே போகாது, போக வேண்டுமென்று நானும் இப்போது நினைப்பதில்லை. அடியில் வைக்க மண் அகல் போதும். எவர்சில்வர் தட்டில் வைத்தால் அடிப்பாகம் வரும்போது தட்டு சூட்டை இழுத்துக்கொண்டு கடைசி அரை அங்குலம் எரியாமல் நின்றுவிடுகிறது, அகலில் கொஞ்சம் மணலோ பழைய சாம்பலோ போட்டு அதன் மேல் நிறுத்தினால் முழுசும் எரிகிறது.

புகையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், பூ, வரட்டி, மூலிகை என்று பட்டியல் போட்டதும் உடம்புக்கு நல்லது என்று சிலர் ஆரம்பித்துவிடுகிறார்கள். புகை புகைதான். நுண்துகளும் கார்பன் மோனாக்சைடும் இதிலும் வரும். தோட்டத்துப் பூவுக்கு மருந்து அடித்திருப்பார்கள், அதையும் நாம் கழுவி எடுக்கப் போவதில்லை. எங்கள் எதிர்வீட்டுத் தாத்தாவுக்கு மூச்சிரைப்பு, அவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் ஏற்றுவதில்லை. ஜன்னலைத் திறந்துவைத்து, சாயங்காலம் ஒரு கூம்பு, அவ்வளவுதான். எரிகிற வேகம் போதவில்லையென்று வெடியுப்பு சேர்க்கச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். வீட்டில் அந்த வேலையே வேண்டாம், வரட்டித் தூளை ஐந்து கிராம் கூட்டினால் முடிகிற விஷயம்.

காசுக் கணக்கு பார்த்தால் இது நஷ்டம். ஜிகட், வெட்டிவேர், பிசின், மில் கூலி, ஜார் எல்லாம் சேர்த்த பணத்துக்குக் கடையில் வருஷத்துக்கு வேண்டிய கப் சாம்பிராணி வாங்கிவிடலாம். பூ மட்டும்தான் சும்மா. ஒரு சாக்குப் பூவை 67 கூம்புக்குள் அடக்கிவிட்டோமா என்றால் அதுவும் இல்லை. அந்த ஈட்டில் போனது 100 கிராம் தூள், பச்சைப் பூவாகக் கணக்குப் பார்த்தால் சாக்கில் கால் பங்கு. மீதித் தூள் டப்பாவில் இருக்கிறது, காற்றுப் புகாமல் மூடி இரண்டு கிராம்பு போட்டு வைத்தால் வண்டு வருவதில்லை. கோவிலில் வாராவாரம் சேருகிற பூவில் நான் எடுப்பது ஒரு ஓரம்தான். மற்றது கோவில் பின்னாலேயே குழி வெட்டி உரமாகப் போடலாமே என்று குருக்களிடம் சொல்லியிருக்கிறேன். நைலான் நூலை யார் உருவுவது என்கிற இடத்தில் அந்தப் பேச்சு நிற்கிறது. பூக்கட்டும் அக்கா மட்டும் எனக்காக வாழைநாரிலேயே கட்ட ஆரம்பித்திருக்கிறார், "உங்களுக்காக இல்ல, நூல் வெல ஏறிப்போச்சு" என்கிறார்.

அவருக்கு நாலு கூம்பு கொடுத்திருந்தேன். மறுநாள் வாசனையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, "கொசு போகுமா?" என்று மட்டும் கேட்டார். சாக்கடையை ஒட்டி உட்கார்ந்து ராத்திரி ஒன்பது வரை சரம் தொடுக்கிறவருக்கு மண்வாசமும் பிசினும் எதற்கு? அதனால் இந்த வாரம் மரிக்கொழுந்தை எடுத்துவிட்டு அதற்குப் பதில் நொச்சி இலை 20 கிராம், வேப்பிலை 10 கிராம் போட்டு ஒரு சின்ன ஈடு பிடித்திருக்கிறேன், 30 கூம்பு. நிழலில் இரண்டு நாள் ஆகிவிட்டது. காலையில் பார்த்தபோது ஓரத்து வரிசையில் ஆறு கூம்பை அணில் தட்டிவிட்டிருந்தது, வேப்பிலை போட்டும் பயமில்லை அதற்கு. இன்னும் ஒரு நாள் காய வேண்டும், மேற்கே மேகம் கட்டியிருக்கிறது, தட்டை உள்ளே எடுத்து வைக்கப் போகிறேன்.